மறுபோட்டி யாருடைய உரிமை?

2017 ஆகஸ்ட் 5 அன்று மும்பை வோர்லி என்.எஸ்.சி.ஐ. அரங்கில் விஜேந்தர் சிங்கும் சீனாவின் சுல்பிகார் மைமைதியாலியும் பத்து ரவுண்டு மோதினார்கள். உல்லாஸ்நகரில் லோக்கல் ஏறி தாதரில் இறங்கினால் எட்டிவிடும் தூரம்தான். மூன்று ஜட்ஜுகளும் விஜேந்தர் பக்கம் நின்றார்கள். ஆனாலும் இரண்டு பேர் போட்ட கணக்கில் வித்தியாசம் ஒரே ஒரு பாயிண்ட். டோக்லாம் எல்லையில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்ற நேரம் அது. எல்லையில் அமைதி வேண்டும், இந்தப் பட்டத்தைச் சுல்பிகாருக்கே திருப்பிக் கொடுக்கவும் தயார் என்று அன்று இரவே சொன்னார் விஜேந்தர்.

பட்டத்தையே தருகிறேன் என்றவர் இன்னொரு ஆட்டம் தரவில்லை. அவரை யாரும் வற்புறுத்தவும் இல்லை. அந்த டிசம்பரில் ஜெய்ப்பூரில் கானா நாட்டு எர்னஸ்ட் அமுஸுவோடு மோதி ஜெயித்தார், கதை நகர்ந்துவிட்டது.

விஜேந்தரின் சூப்பர் மிடில்வெயிட்டில் இப்படிச் சத்தமில்லாமல் முடிகிற விஷயம், ஹெவிவெயிட்டில், அதாவது சுமார் 91 கிலோவுக்கு மேற்பட்டவர்களின் பிரிவில், வருஷக்கணக்கில் பஞ்சாயத்தாக நீள்கிறது. தீர்ப்பில் சந்தேகம் இருந்தால் சாம்பியன் மறுபோட்டி தர வேண்டுமா என்பது பெருந்தன்மை பற்றிய கேள்வி போலத் தெரியும். உண்மையில் அது ஒப்பந்தம் பற்றிய கேள்வி. அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் தப்பான ஆளைத்தான் காப்பாற்றுகிறது.

முதலில் பாயிண்ட் கணக்கு. ரிங்கைச் சுற்றி மூன்று ஜட்ஜுகள் தனித்தனியே உட்கார்ந்திருப்பார்கள். ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. கீழே விழுந்தாலோ, நடுவர் எண்ண வேண்டி வந்தாலோ தோற்றவருக்கு 8. பன்னிரண்டு ரவுண்டையும் கூட்டினால் தீர்ப்பு.

2024 மே 18 அன்று ரியாத்தில் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக், இங்கிலாந்தின் டைசன் ஃபியூரியைத் தோற்கடித்தார். கணக்கு இப்படி இருந்தது: ஒருவர் 115-112 உசிக், இன்னொருவர் 114-113 உசிக், மூன்றாமவர் 114-113 ஃபியூரி. ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி கயிற்றில் சாய்ந்து தடுமாறியபோது நடுவர் எண்ணினார். அதனால் போனது ஒரு பாயிண்ட். அந்த எண்ணிக்கை மட்டும் இல்லாதிருந்தால் ஆளுக்கு ஒரு சீட்டு, மூன்றாவது சீட்டு 114-114, ஆட்டமே டிரா. பென்சில் பிடித்துக் கூட்டிப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

ஃபியூரி தோல்வியை ஏற்கவில்லை. போர் நடக்கும் நாட்டுக்காரர் மேல் எல்லோருக்கும் பரிவு இருக்கும் என்ற தொனியில் பேசினார். மறுபோட்டி உடனே உறுதியானது. உசிக்கின் தாராள மனம் அதற்குக் காரணமில்லை, ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருந்தது. அதற்கு உசிக் கொடுத்த விலையைத்தான் நம் ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை நான்கு அமைப்புகள் தனித்தனியே வழங்குகின்றன. நான்கையும் ஒரே ஆள் வைத்திருப்பது அபூர்வம். 1999-க்குப் பிறகு மறுக்க முடியாத ஒரே சாம்பியன் என்று உசிக்தான் வந்தார். ஆனால் ஐ.பி.எஃப். அமைப்பு, வரிசையில் காத்திருக்கும் ஆளோடு முதலில் மோது என்றது. மறுபோட்டிக்காக அந்த ஜூன் மாதமே அந்த பெல்ட்டை உசிக் விட்டுக்கொடுத்தார். பெல்ட் டேனியல் டுபுவாவுக்குப் போனது. டிசம்பர் 21 அன்று ரியாத்திலேயே மறுபடி மோதி, மூன்று சீட்டிலும் 116-112 என்று உசிக் ஜெயித்தார். அப்போதும் தான்தான் ஜெயித்ததாக ஃபியூரி சொன்னார். மறுபோட்டி வைத்தால் சண்டை தீரும் என்று நினைப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தின் மறுபோட்டி வரி பொதுவாக யாருக்காக எழுதப்படுகிறது? சாம்பியன் தோற்றால் உடனே இன்னொரு வாய்ப்பு. அவ்வளவுதான். 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் ஹாசிம் ரஹ்மான் ஒரே குத்தில் லெனாக்ஸ் லூயிஸைச் சாய்த்தார். அந்த முடிவில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனாலும் லூயிஸ் நீதிமன்றம் போய், ஒப்பந்தத்தைக் காட்டி, நவம்பரில் மறுபோட்டி வாங்கி நான்காவது ரவுண்டில் பெல்ட்டைத் திரும்பப் பெற்றார். 2020-ல் ஃபியூரியிடம் ஏழாவது ரவுண்டில் நொறுங்கிய டியோன்டே வைல்டரும் அப்படித்தான். மத்தியஸ்தர் வைல்டர் பக்கம் தீர்ப்புச் சொன்னதால், ஆன்டனி ஜோஷுவாவோடு ஃபியூரி மோதவிருந்த ஆட்டம் கைவிடப்பட்டது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். சவால் விட்டு வந்தவர் ஜெயித்தும் தோற்றதாக அறிவிக்கப்பட்டால் அவர் கையில் ஒன்றும் இருக்காது. 1976 செப்டம்பர் 28 அன்று நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் முகமது அலி, கென் நார்ட்டனை ஒருமனதான தீர்ப்பில் தோற்கடித்தார். தோல்வி அறிவிப்பைக் கேட்டு நார்ட்டன் அழுதார். பார்த்தவர்களில் பலர் இன்றும் அந்த ஆட்டத்தை நார்ட்டனுக்கே கொடுப்பார்கள். மறுபோட்டி கிடைக்கவே இல்லை.

ஜெர்சி ஜோ வால்காட்டுக்குக் கிடைத்தது. 1947 டிசம்பரில் சாம்பியன் ஜோ லூயிஸை அவர் இரண்டு முறை கீழே தள்ளினார். தான் தோற்றுவிட்டதாக நினைத்த லூயிஸ் தீர்ப்பு வருமுன்பே ரிங்கை விட்டு இறங்கப் பார்த்தார். நடுவர் வால்காட்டுக்குக் கொடுத்தார், இரண்டு ஜட்ஜுகள் லூயிஸுக்கு. அடுத்த ஜூனில் மறுபோட்டி, பதினோராவது ரவுண்டில் லூயிஸ் நாக் அவுட் செய்தார். அந்த ஒரு ஆட்டத்தால்தான் லூயிஸ் பெயரில் ஒட்டியிருந்த கறை போனது.

அமைப்புகள் தலையிட்டுக் கட்டளையிட்ட நல்ல உதாரணமும் உண்டு. 1999 மார்ச் 13, மேடிசன் ஸ்கொயர் கார்டன். லெனாக்ஸ் லூயிஸ் 348 குத்துகளை இறக்கினார், எதிரே நின்ற எவாண்டர் ஹோலிஃபீல்டு 130. தீர்ப்பு டிரா! யூஜினியா வில்லியம்ஸ் என்ற ஜட்ஜ் ஹோலிஃபீல்டுக்கு 115-113 கொடுத்திருந்தார். ஊரே கொதித்தது, விசாரணை நடந்தது. நவம்பரில் மறுபடி மோதினார்கள், லூயிஸ் ஒருமனதாக ஜெயித்தார். வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது ஆட்டம் முதலாவதைவிட நெருக்கமாக இருந்தது.

அமெச்சூர் பக்கம் மறுபோட்டி என்ற பேச்சே இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விகாஸ் கிருஷன் 13-11 என்று எரோல் ஸ்பென்ஸை ஜெயித்தார். சில மணி நேரத்தில் அமெரிக்கா முறையிட, முடிவு 15-13 என்று ஸ்பென்ஸுக்குச் சாதகமாக மாறியது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சரிதா தேவியின் முறையீடு எடுபடவில்லை. மேடையில் வெண்கலத்தை, தன்னை ஜெயித்ததாக அறிவிக்கப்பட்ட கொரிய வீராங்கனையின் கழுத்தில் போட்டுவிட்டு வந்த அவருக்கு ஓராண்டுத் தடை. ‘சார்பட்டா பரம்பரை’ படத்தில் கபிலன்–வேம்புலி ஆட்டம் கலவரத்தில் நின்று, கடைசியில் இன்னொரு தடவை நடப்பதைப் பார்த்து விசில் அடித்தோம். சினிமாவில் நியாயம் கேட்க இரண்டரை மணி நேரம் இருக்கிறது.

எனவே என் கருத்து: நாக் அவுட்டில் முடிந்த ஆட்டத்துக்கு உடனடி மறுபோட்டி வேண்டாம். தோற்றவர் சாம்பியனாக இருந்தாலும் வரிசையில் நிற்கட்டும். ஜட்ஜுகள் பிரிந்த தீர்ப்பிலோ டிராவிலோ முடிந்தால் இருவருக்கும் சமமாக அந்த உரிமை இருக்க வேண்டும். அந்த ஒரு ஆட்டத்துக்காக பெல்ட்டைப் பறிக்கவும் கூடாது. 1964-ல் அலி, தன்னிடம் பட்டத்தை இழந்த லிஸ்டனுக்கு மறுபோட்டி தர ஒப்புக்கொண்டதற்காக டபிள்யூ.பி.ஏ. அமைப்பு பட்டத்தைப் பறித்தது; உசிக்கின் நான்காவது பெல்ட் போனதும் அறுபது ஆண்டுக்குப் பிந்தைய அதே கோளாறுதான். உசிக்–ஃபியூரி ஒப்பந்தத்தில் இரு பக்கத்துக்கும் மறுபோட்டி கிடைத்ததற்குச் சவூதிப் பணம் காரணம். அந்தப் பணம் இல்லாத அரங்குகளில், சவால் விடுகிறவரின் மேனேஜர் கையெழுத்துக்கு முன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டிய வரி அது.