உப்புக்கண்டம் போடுதல்: வீட்டுக்கு ஏற்ற சாதனமும் முறையும்

மாரியம்மன் நோம்பி முடிந்த மறுநாளும், குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டிய மறுநாளும், கொங்கு நாட்டு வீட்டு வாசல்களில் மஞ்சள் பூசிய இறைச்சித் துண்டுகள் கயிற்றில் மாலைபோலத் தொங்குவதை நம் அங்கத்தினர்களில் பலர் சிறு வயதில் கண்டிருப்பர். அதுவே உப்புக்கண்டம். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில், ஒரே நாளில் உண்டு தீராத இறைச்சியை வீணாக்காமல் மழைக்காலத்துக்கென வைத்துக்கொள்ள நம் முன்னோர் கைக்கொண்ட சிக்கன முறை அது.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகள் இறைச்சியை உலர்த்தி ‘சார்க்கி’ என்றனர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஜெர்க்கி’ என்ற சொல் அதிலிருந்து வந்ததே. தென் ஆப்பிரிக்காவில் ‘பில்டாங்’ என்பர். இலங்கையின் வேடர்கள் இறைச்சியைத் தேனிலிட்டு மரப்பொந்தில் காத்துவைத்ததை, கண்டி நாட்டில் பல்லாண்டு சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் குறித்துள்ளார்.

அண்மையில் ஒரு கிராமச் சங்கத்துக்குத் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது, ஓர் அங்கத்தினர் இறைச்சி உலர்த்தும் பெரிய மின்சார இயந்திரம் ஒன்று வாங்குவதற்காக நகைக்கடன் விண்ணப்பம் கொண்டுவந்தார். அவரும் அவர் மனைவியும் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள். பகலில் வெயிலில் காயப்போட்டால் காக்கை விரட்ட வீட்டில் ஆளில்லை என்பது அவர் கூறிய காரணம். உடன் வந்திருந்த அவருடைய தாயாரோ, “ஏனுங்க, வெயிலு சும்மாதானே காயுது, அதுக்குப் போயி நகையை வெக்கோணுமாங்க?” என்று என்னைக் கேட்டார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. எந்த வீட்டுக்கு எந்தச் சாதனம் பொருந்தும் என்பதை அறிந்துகொண்டால் இத்தகைய வழக்கு எழாது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இறைச்சி ஏன் கெடுகிறது?

கொழுப்பு நீக்கிய இறைச்சி ஒரு கிலோவில் ஏறக்குறைய 750 கிராம் நீரே. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்த நீரைக் கொண்டே பெருகுகின்றன. உப்பு அந்த நீரின் ஒரு பகுதியை வெளியே இழுக்கிறது. மீதியையும் கிருமிகளுக்கு எளிதில் கிட்டாதபடி செய்கிறது. பின்னர் வெயிலும் காற்றும் எஞ்சிய நீரைப் போக்குகின்றன. கிருமிகளுக்குக் கிட்டும் நீரின் அளவை விஞ்ஞானிகள் தூய நீருக்கு 1 எனக்கொண்டு கணக்கிடுவர். அவ்வளவு 0.85க்குக் கீழே இறங்கிவிட்டால் நோய் தரும் கிருமிகள் பெருகமாட்டா. பூஞ்சணம் மட்டும் அதற்குக் கீழும் வளரும். ஆகையால் இன்னும் சற்று உலர்த்துவது நலம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட உஷ்ணத்தில் ஈரமான இறைச்சி நெடுநேரம் இருந்தால் கிருமிகள் விரைந்து பெருகும். அவற்றுள் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் இனம் விடும் நஞ்சு, பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. “எப்படியும் எண்ணெயில் பொரிக்கப் போகிறோம், என்ன கெடுதல்?” என்று எண்ணுவது ஆபத்தானது.

என் வீட்டிலேயே இதை அனுபவித்தோம். ஓர் ஐப்பசி மாதத்தில், மூன்று நாள் மேகமூட்டத்தில் அரைகுறையாய்க் காய்ந்த கண்டத்தை ஜாடியில் போட்டு மூடினோம். பத்து நாள் கழித்துத் திறந்தபோது வெண்மையாகப் பூத்திருந்தது. அதைத் துடைத்துவிட்டுப் பொரித்துண்ட இருவர் அன்றிரவே வாந்தியால் அவதியுற்று வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தது. இன்ன கிருமி என்று எவரும் பரிசோதிக்கவில்லை. ஆயினும் அன்று முதல் சந்தேகத்துக்கு இடமான கண்டத்தைச் சட்டியில் போடாமல் குழியில் புதைத்துவிடுவதே எங்கள் வீட்டு விதி.

எல்லா முறைக்கும் பொதுவான சாதனங்கள்

முதலாவது, கூரிய கத்தியும் இறைச்சிக்கென்றே ஒதுக்கிய பலகையும். இரண்டாவது, ஒரு சிறு தராசு. உப்பைக் கைக்கணக்கில் போடாமல் நிறுத்துப்போடுவதற்கும், இறைச்சி எவ்வளவு உலர்ந்தது என்று காண்பதற்கும் இது வேண்டும். மூன்றாவது, ஊறவைக்கப் பீங்கான், கண்ணாடி அல்லது துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம். அலுமினியம், செம்பு, பித்தளை ஆகியவற்றை உப்பு அரிக்குமாதலால் அவை ஆகா. நான்காவது, இறுக மூடும் ஜாடி.

நம் பகுதிக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. பனியன் கம்பெனியிலிருந்து எளிதில் கிடைக்கும் வேஸ்ட் துணியால் இறைச்சியை மூடுவதும், அந்நூலில் கோப்பதும் சில வீடுகளில் காணப்படுகின்றன. அத்துணியில் இயந்திர எண்ணெயும் சாயமும் வெளுப்பு மருந்தும் தங்கியிருக்கக்கூடும். சாயமிடாத புதிய காடாத் துணியும் பருத்தி நூலும் வாங்கி, கொதிநீரில் இட்டு அலசி உபயோகிப்பதே முறை. அவ்வாறே, பஞ்சுத் தூசி பறக்கும் தறிக்கூடத்தின் அருகிலும், சாயப்பட்டறைக் கொதிகலன் புகை படும் இடத்திலும் காயப்போடலாகாது.

நால்வகை உலர்த்தும் சாதனங்கள்

1. கயிறு அல்லது கொடி. செலவில்லாதது. காற்று எல்லாப் பக்கமும் படும். ஆனால் ஈ, காக்கை, பூனை, புழுதி ஆகியவற்றுக்குக் காவல் இல்லை. நாள் முழுதும் ஆள் இருக்கும் வீட்டுக்கே இது ஏற்றது.

2. வலைப்பெட்டி. மரச்சட்டத்தின் ஆறு பக்கமும் ஈ நுழையாத நுண்ணிய வலை அடித்து, உள்ளே குறுக்குக் கம்பிகளில் இறைச்சியைத் தொங்கவிடுவது. கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பும் ஏறாது. ஊர்த் தச்சரே செய்து தருவார். சாதாரணக் குடும்பத்துக்கு இதுவே போதும்.

3. சூரிய உலர்ப்பெட்டி. உட்புறம் கருநிறம் பூசி, மேலே சாய்வாகக் கண்ணாடி பதித்த பெட்டி. கீழே காற்று புகவும் மேலே ஈரக்காற்று வெளியேறவும் வலையிட்ட துளைகள் அவசியம். துளையில்லாப் பெட்டியில் இறைச்சி உலராமல் புழுங்கிவிடும். வெளிவெயிலைவிட உள்ளே சூடு மிகுவதால் காலம் குறையும். மேகமூட்டத்தில் இதனாலும் பயனில்லை.

4. மின்சார உலர்த்தி. தட்டுகளின் ஊடே விசிறி சூடான காற்றைச் செலுத்தும். வாங்குவோர் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். உஷ்ணத்தை டிகிரிக் கணக்கில் அமைக்கும் திருகு இருக்க வேண்டும். வெறும் ‘அதிகம், குறைவு’ என்ற குறி போதாது. விசிறி அடியில் இருந்தால் மேல்தட்டின் சாறு அதன்மேல் சொட்டும். பின்புறம் இருப்பது நலம். தட்டுகள் கழற்றிக் கழுவத்தக்கனவாக இருக்க வேண்டும். 500 வாட் இயந்திரம் எட்டு மணி நேரம் ஓடினால் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். மழைக்காலத்திலும் இரவிலும் வேலை நடக்கும் என்பதே இதன் சிறப்பு.

செய்முறை

அன்றே அறுத்த ஆட்டின் தொடைக்கறி உத்தமம். கொழுப்பையும் சவ்வையும் முற்றும் நீக்குக. கொழுப்பு உலராது, சில வாரங்களில் சிக்கு நாற்றம் கொடுக்கும். இறைச்சியை அரை விறைப்பாகக் குளிரவைத்தால் மெல்லியதாக அரிவது எளிது. கனம் 6 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. தசைநார் ஓடும் வாக்கில் அரிந்த துண்டு அறுந்து விழாமல் தொங்கும். குறுக்கே அரிந்தது மெல்ல எளிது, ஆயினும் தட்டில்தான் பரப்ப வேண்டும்.

ஒரு கிலோ இறைச்சிக்கு 80 கிராம் உப்பும், வேண்டிய அளவு மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் சேர்த்துப் பிசறி, ஓரிரவு குளிர்ப்பெட்டியில் வைக்கவும். நிறம் நிற்கும் என்று வெடியுப்பை உத்தேசமாகச் சேர்ப்போர் உளர். அளவு மிஞ்சினால் அது உயிருக்கே கேடாகுமாதலால் கைவிடுக.

மறுநாள் காலை, துண்டுகளை ஆவியில் வைத்து உள்ளும் 71 டிகிரி உஷ்ணம் ஏறும்படி வேகவைத்து, நீரை வடித்து, உடனே உலர்த்தத் தொடங்குக. பழைய முறையில் இப்படி இல்லை என்று பெரியோர் கூறுவர். உண்மையே. ஆனால் நம் வெயில் கிருமிகளைக் கொல்லும் சூட்டைத் தருவதில்லை. நீரை மட்டுமே போக்கும். முதலில் ஆவி காட்டுவதால் சுவை சற்று மாறினும் குழந்தைகள் உள்ள வீட்டில் அச்சம் குறையும்.

மின்சார உலர்த்தியில் 55 முதல் 60 டிகிரி வரை வைப்பது போதும். விரைவை எண்ணித் தொடக்கத்திலேயே சூட்டை மிகுத்தால் மேற்பரப்பு இறுகி, உள்ஈரம் வெளியேற வழியின்றி அடைபட்டுவிடும். வெளியே காய்ந்தாற்போலத் தோன்றி உள்ளே கெடுவது இதனாலேயே. வெயிலில் உலர்த்துவோர், பொழுது சாய்ந்ததும் பனி படாமல் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாள் மீண்டும் காயப்போட வேண்டும். மாசி, பங்குனி மாதங்கள் சிறந்தவை. ஆடிக்காற்று உலர்த்துவதில் கெட்டியாயினும் புழுதியைக் கொணரும். அப்போது வலைப்பெட்டியன்றி வேறு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் வெயிலை நம்பித் தொடங்கவே வேண்டாம்.

பக்குவம் அறியும் வழி இரண்டு. ஒரு கிலோ இறைச்சி 400 கிராம் அளவுக்கு வந்திருக்க வேண்டும். ஒரு துண்டை ஆறவைத்து வளைத்தால் வெடிப்பு விட வேண்டும். உள்ளே ஈரப்பசை தெரியலாகாது. ஆறிய பின்னரே ஜாடியில் இட வேண்டும். முதல் வாரம் நாள்தோறும் பார்க்க; மூடியின் உட்புறம் நீர்த்துளி கண்டால் உடனே எடுத்து மீண்டும் உலர்த்துக. பூஞ்சணம் கண்டாலோ தயங்காது எறிந்துவிடுக. ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டுமாயின் குளிர்ப்பெட்டியில் வைப்பது பத்திரம். சமைக்குமுன் வெந்நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் மிகுந்த உப்பு நீங்கும். இரத்த அழுத்தம் உடையோர் இதை அளவோடு உண்ண வேண்டும்.

மான் இறைச்சி பற்றி

முற்காலத்தில் வேட்டையாடிய மானின் இறைச்சியையும் இவ்வாறே உலர்த்தினர். இன்று அது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைக் கொல்வது மட்டுமன்று, அதன் இறைச்சியை வாங்குவதும் வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்கு உரியன. உடுமலைப்பேட்டை, அமராவதி மலையோரப் பகுதிகளில் எவரேனும் ‘மான் கண்டம்’ என்று மலிவாக நீட்டினால் தொடலாகாது. வெள்ளாடும் செம்மறியும் நமக்குப் போதும்.

கணக்குப் பார்த்தபின் கடன்

எலும்போடு 4 கிலோ வாங்கினால், எலும்பும் கொழுப்பும் போக 2½ கிலோ மிஞ்சுவதாகக் கொள்வோம். அது உலர்ந்து ஒரு கிலோ ஆகும். கிலோ 800 ரூபாய் என வைத்தால், ஒரு கிலோ கண்டத்துக்கு இறைச்சி விலை மட்டும் 3,200 ரூபாய். உப்பு, எரிபொருள், உழைப்பு தனி. ஆகவே இதை விற்று எளிதில் லாபம் காணலாம் என்று எண்ணி இயந்திரம் வாங்குவது சரியன்று. விற்பனை செய்வதாயின் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெறுதலும் அவசியம்.

வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்றால், ஒரு குடும்பம் ஆண்டில் ஐந்தாறு முறைக்குமேல் கண்டம் போடுவதில்லை. மற்ற நாளெல்லாம் இயந்திரம் மூலையில் கிடக்கும்; நகைக்கு வட்டியோ நாள்தோறும் ஏறும். பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, முறை வைத்து உபயோகித்து, கழுவித் திருப்பும் பொறுப்பை ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால் செலவு பன்னிரண்டில் ஒரு பங்காகும். கூட்டுறவு என்பதன் பொருளும் அதுவே.

மேற்கண்ட கணக்கை அந்த அங்கத்தினருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சில வாரங்கள் கழித்து அவ்வழியே சென்றபோது, அவர் வீட்டு மாடியில் தச்சர் செய்த வலைப்பெட்டி நின்றது. வாரவிடுமுறை நாளில் தொடங்கி, மறுநாளுக்குக் காவலுக்கு வலையே போதும் என்றார். அருகே அமர்ந்திருந்த தாயார், நகை தம் மருமகள் கழுத்திலேயே இருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

மழைக்காலத்துக்கு ஒரு மின்சார உலர்த்தியைக் கூட்டாக வாங்குவது பற்றி அத்தெருவார் இப்போது பேசிவருகிறார்கள். மற்றச் சங்கத்தாரும் தங்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஆலோசித்தல் நலம்.