திருத்திய அலோய் சில்லுகளை நம்பிப் பயணிக்கலாமா?

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்படும் வரையிலான ஏறத்தாழ ஐந்து வருட காலத்தில், உள்ளதைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதில் எமது வாகன உரிமையாளர்கள் தேர்ச்சி பெற்றுவிட்டனர் எனலாம். அது குறைகூறத்தக்க பழக்கமன்று. ஆயினும் எல்லா உறுப்புகளையும் ஒரே கண்கொண்டு நோக்க முடியாது. கதவில் விழுந்த நெளிவைத் தட்டி நிமிர்த்துவது வேறு. குழியில் விழுந்து வெடித்த அலோய் சில்லை ஒட்டி, வர்ணம் பூசி மீண்டும் பூட்டுவது வேறு.

அலோய் சில்லுகளிற் பெரும்பாலானவை அலுமினியத்துடன் சுமார் 7 சதவீத சிலிக்கனும் சிறிதளவு மகனீசியமும் கலந்த கலப்புலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யப்படுபவை. வார்ப்பு மட்டும் அவற்றுக்குப் போதிய பலத்தைத் தருவதில்லை. சுமார் 540 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் பல மணிநேரம் வைத்து, நீரில் திடீரெனக் குளிர்வித்து, பின்னர் 160 பாகையளவில் மீண்டும் சூடேற்றிப் பதப்படுத்திய பின்னரே அவை உரிய உறுதியைப் பெறுகின்றன.

திருத்தும் இடத்தில் நடப்பதென்ன? நெளிந்த விளிம்பை வாயுச் சுவாலையினால் சூடாக்கி, ஜக்கினால் அழுத்தி நிமிர்த்துகின்றனர். வெடிப்பிருப்பின் ஆர்கன் வெல்டிங் செய்து, கடைந்து, மெருகூட்டுகின்றனர். ஏறத்தாழ 200 பாகையைத் தாண்டியதும் அந்தப் பதம் தளரத் தொடங்குகின்றது. ஒட்டிய இடத்தின் இருமருங்கிலும் உலோகம் மென்மையாகிவிடுகின்றது. இரும்பு சூடேறினால் சிவக்கும். கொல்லனின் கண்ணே அதற்கு வெப்பமானி. அலுமினியமோ உருகும்வரை நிறம் மாறாது. எவ்வளவு சூடேறியதென்பது திருத்துபவருக்கே தெரியாதபோது, அவருடைய கைத்திறமையைக் குறை சொல்லியும் பயனில்லை.

நிறுத்தி வைத்த காரில் இந்தப் பலவீனம் தெரியாது. சாதாரண கார்ச் சில்லு ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 500 தடவை சுழல்கின்றது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையான ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அது இரண்டு இலட்சம் சுழற்சியாகும். ஒவ்வொரு சுழற்சியிலும் சில்லின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை நெகிழ்ந்து மீள்கின்றது. உருக்கைப் போலன்றி, அலுமினியத்துக்கு இத்தகைய களைப்பிலிருந்து முற்றாகத் தப்பும் எல்லையென்று ஒன்றில்லை. ஒட்டின் ஓரத்தில் மயிரிழையளவில் தோன்றும் வெடிப்பு நாளடைவில் வளர்ந்து, அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்கையில் திடீரெனப் பிளக்கலாம். அக்கணத்தில் டயரின் காற்று முழுவதும் வெளியேறிவிடும்.

அப்படியானால் திருத்திய சில்லுகள் யாவும் ஆபத்தானவையா? இல்லை. நடைபாதைக் கல்லில் உரசிய கீறல்களைத் தேய்த்து வர்ணம் பூசுவதால் பலம் கெடுவதில்லை. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் தனது சில்லுகளுக்கு இவ்வகை மேற்பூச்சு வேலையை மட்டுமே ஏற்றுக்கொள்கின்றது; ஒட்டுதல், நிமிர்த்துதல், கடைதல் எதனையும் அது அங்கீகரிப்பதில்லை. விளிம்பில் ஏற்பட்ட சிறு நெளிவை, வெடிப்பில்லையென உறுதிசெய்த பின் கவனமாக நிமிர்த்தி ஓட்டுவோர் உலகெங்கும் உள்ளனர். அதனை நாம் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் ஆரைகளிலோ, நடுக் குடத்திலோ, போல்ட் துளைகளின் அருகிலோ வெடித்த சில்லை ஒட்டுவது எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று. விளிம்பு வெடிப்பை ஒட்டிய சில்லையும் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் காரில் பூட்டக்கூடாது என்பதே எமது நிலைப்பாடு.

சிக்கல் யாதெனில், பஞ்சிகாவத்தையிலோ வேறெங்கோ பழைய சில்லு வாங்குபவருக்கு அதன் வரலாறு தெரிவதில்லை. அதில் பொறிக்கப்பட்டுள்ள ‘ஜே.டபிள்யூ.எல்.’ என்ற ஜப்பானியத் தரக்குறி, அது தயாரிக்கப்பட்ட நிலைக்கே பொருந்தும். பின்னர் நடந்த திருத்தத்துக்கன்று. எமது நாட்டில் தனியார் கார்களின் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கப்படுகின்றதேயன்றிச் சில்லு பரிசோதிக்கப்படுவதில்லை. எனவே வாங்குபவரே டயரைக் கழற்றச் சொல்லி உட்புற விளிம்பைப் பார்க்கவேண்டும். வெடிப்புகள் பெரும்பாலும் அங்கேதான் தோன்றுகின்றன. தடித்த புது வர்ணம், ஓரிடத்தில் மட்டும் தேய்த்த தடம், விரலுக்குத் தட்டுப்படும் மேடு ஆகியன ஐயத்துக்குரியவை. ஐயமிருப்பின், வெடிப்புக்குள் ஊறும் சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, அதன்மேல் வெண்பொடி தெளித்துப் பார்க்கும் எளிய சோதனையொன்றுண்டு. வெடிப்பிருந்தால் சிவப்புக் கோடு தானே மேலே வரும்.

ஓட்டத்திலிருக்கும் சில்லில் காற்று மெல்ல மெல்ல இறங்கினாலோ, குறிப்பிட்ட வேகத்தில் சுக்கான் நடுங்கினாலோ வால்வை மாத்திரம் குறை கூறிவிட்டு இருந்துவிடலாகாது. டியூப் ஒன்றை உள்ளே இட்டுக் காற்றிறங்குவதை நிறுத்துவது எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டுவதற்கொப்பானது. புதிய அலோய் சில்லுக்கு வசதியில்லாதோர் உரிய அளவிலான சாதாரண உருக்குச் சில்லைப் பூட்டிக்கொள்ளலாம். அழகு குறைவெனினும் அது பெரும்பாலும் வெடியாது, நெளியும்.

கழற்றிய வெடித்த சில்லை அப்படியே விற்காது, குறுக்கே வெட்டியே கொடுக்கவேண்டும். அலுமினியம் நிறைக்கே விலைபோவதால் இதனால் விற்பவருக்கு நட்டமில்லை. வேறொருவரின் காரில் அது மீண்டும் ஏறாது.