கிறிஸ்தவப் பள்ளி மைதானத்தில் ஜெயிப்பது மட்டும்தான் இலக்கா? தோல் பந்து முதல் ஞாயிறு மேட்ச் வரை

1891-ம் ஆண்டு, ஸ்ரீநகர். அங்கிருந்த மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியர் செசில் டிண்டேல் பிஸ்கோ ஒரு கால்பந்தைக் கொண்டுவந்து மாணவர்களிடம் காட்டுகிறார். பெரும்பாலும் காஷ்மீரி பிராமணக் குடும்பத்துப் பையன்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, 'இது தோலா?' ஆமாம் என்றதும் பின்வாங்கிவிட்டார்கள். தோலைத் தொட்டால் தீட்டு.

பிஸ்கோ விடவில்லை. ஆசிரியர்கள் கையில் கம்பைக் கொடுத்து, பையன்களை மைதானத்துக்கு ஓட்டிவரச் சொன்னார். ஆட்டம் நடுவே பந்து ஒருவன் முகத்தில் பட்டது. தீட்டாகிவிட்டதே என்று அழுதவனைத் தண்ணீரில் கழுவிவிட்டுக் கூட்டிவரச் சொன்னார். ஆட்டம் தொடர்ந்தது. சில காலத்தில் அதே பள்ளியில் கால்பந்து சாதாரண விஷயமாகிவிட்டது.

சரி, இந்தக் கதைக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டி மேற்கே போனால் வாலாஜா, ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என வரிசையாக வரும். டேனரியும் ஷூ கம்பெனியும் பல குடும்பங்களுக்குச் சோறு போடும் பகுதி. ஸ்ரீநகர் பையன்கள் தொட மறுத்த அந்தத் தோல், இங்கே பல பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ். இதே பகுதியில்தான் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் தடங்களும் இருக்கின்றன. வேலூர் ஊரீஸ் கல்லூரி அதன் வழி வந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் அங்கே படித்தவர். கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பள்ளி, கல்லூரிகளை நிரப்புவது இன்று நேற்று வந்த வழக்கமில்லை.

தீட்டை உடைத்த பந்து நல்ல பந்துதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கம்பும் இருந்தது. கிறிஸ்தவப் பள்ளி விளையாட்டின் கொள்கை என்ன என்று கேட்டால், இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

கொள்கை எங்கிருந்து வந்தது?

19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'உடல் வலிமையும் பக்தியின் ஒரு பகுதிதான்' என்ற எண்ணம் பள்ளிகளில் பரவியது. பிஸ்கோ அந்த அலையில் வந்தவர். அதை ஒரு பாடத்திட்டமாகவே ஆக்கியது ஒய்எம்சிஏ. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அதன் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த லூத்தர் குலிக் ஒரு முக்கோணத்தை முன்வைத்தார்: உடல், மனம், ஆன்மா. மூன்று பக்கமும் சமம். ஒய்எம்சிஏ சின்னத்தில் இன்றும் பார்க்கிற முக்கோணம் அதுதான்.

1891 டிசம்பரில் அதே கல்லூரியில், குளிர்காலத்தில் வெளியே போக முடியாமல் அடைந்துகிடந்த 18 மாணவர்களைச் சமாளிக்க ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஒரு புது விளையாட்டை உருவாக்கினார். இறையியல் படித்தவர் அவர். இரண்டு பழக்கூடைகள், ஒரு கால்பந்து, 13 விதிகள். கூடைப்பந்து பிறந்தது.

அந்த விதிகளில் ஒன்றை மட்டும் கவனிங்க. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. ஏன்? ஓடினால் அவனைப் பிடித்துத் தள்ளத்தான் தோன்றும். ஓட முடியாது என்றால் தள்ளவும் தேவையில்லை. 'எதிரியைக் காயப்படுத்தாதே' என்று சுவரில் எழுதிவைப்பதற்குப் பதிலாக, அதை ஆட்டத்தின் அமைப்பிலேயே வைத்துவிட்டார். இன்றைய பள்ளிகள் அவரிடம் கற்க வேண்டிய ஒரே விஷயம் என்றால் இதுதான். பின்னாளில் கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்கும் அவர் பயிற்சியாளராக இருந்தார். 55 வெற்றி, 60 தோல்வி. அந்த அணியின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருப்பவர், விளையாட்டைக் கண்டுபிடித்த அவர் ஒருவர்தான்!

இதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1919-ல் மெட்ராஸ் வந்தார். 1920-ல் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்எம்சிஏ உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். நம்ம பி.டி. சார்களில் பலருக்கு, நேரடியாகவோ அவர்களின் வாத்தியார் வழியாகவோ, வேர் அங்கே போகும். மேற்கத்திய விளையாட்டுகளோடு சடுகுடு, தண்டால், பஸ்கி போன்றவற்றுக்கும் அங்கே இடம் இருந்தது. பத்து சாம்பியன்களைத் தயாரிப்பதைவிட, பள்ளியில் இருக்கிற எல்லாரையும் விளையாட வைக்கும் ஆசிரியரைத் தயாரிப்பதுதான் நோக்கம்.

அந்த நோக்கம் இப்போது எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் டைம்டேபிளில் மட்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் புதிதில்லை. மத வேறுபாடில்லாமல் எல்லா நிர்வாகமும் செய்கிற தப்பு இது. ஆனால் உடல், மனம், ஆன்மா மூன்றும் சமம் என்று சொல்லித் தொடங்கிய மரபிலிருந்து வந்த பள்ளி இதைச் செய்யும்போது கொஞ்சம் கூடுதலாக உறுத்துகிறது.

இன்னொரு பக்கம், குறுவட்டப் போட்டி நெருங்கும்போது கதை தலைகீழாக மாறும். பதினைந்து பேருக்கு மட்டும் முழு நாளும் கிரவுண்ட். மற்றவர்கள் ஸ்போர்ட்ஸ் டே மார்ச் பாஸ்ட்டுக்கும் கைதட்டலுக்கும். குண்டாக இருக்கிற பையன், வேகமாக ஓடத் தெரியாத பெண், காலில் குறைபாடு உள்ள பிள்ளை... இவர்களுக்கெல்லாம் அந்த மைதானம் ஒரு பார்வையாளர் மாடம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. வேலூரில் 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் வயதான பிறகும் டென்னிஸ் மட்டையைக் கீழே வைக்காதவர். அவர் பெயரைப் பெருமையாகச் சொல்லும் ஊர்ப் பக்கத்தில், எட்டாம் வகுப்போடு விளையாட்டை நிறுத்தும் பெண்கள் எத்தனை பேர்? மாற்று உடை அணிய ஒரு அறை இல்லை, ஐந்தரை மணிக்கு மேல் பஸ் இல்லை, கூட வர ஒரு பெண் ஆசிரியர் இல்லை. காரணம் பெரும்பாலும் இவ்வளவுதான். இங்கே கொள்கை என்பது பைபிள் வசனமில்லை. ஒரு சாவி, ஒரு பஸ் டைம், ஒரு டூட்டி லிஸ்ட்.

அந்த டூட்டி லிஸ்ட்டுக்குச் சட்டக் காரணமும் உண்டு. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்வது கட்டாயம். தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. 'பள்ளி பேர் கெட்டுடும், சபை பேர் கெட்டுடும்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

மேட்சுக்கு முன் ஜெபம்: கட்டாயப்படுத்தலாமா?

முடியாது. அரசியலமைப்பின் 30-வது பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும், சம்மதம் இல்லாமல் ஒருவரை மதப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக் கூடாது என்கிறது. மைனர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். பி.டி. சார் அணியை வட்டமாக நிறுத்தி ஜெபம் செய்யலாம். விலகி நிற்கும் பையனை அடுத்த மேட்சில் பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது.

அமெரிக்காவில் 2022-ல், அரசுப் பள்ளி கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் மேட்ச் முடிந்ததும் மைதான நடுவில் ஜெபித்ததை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அங்கே மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதிகளின் கவலையும் இதேதான்: கோச் மண்டியிடும்போது, டீமில் இடம் வேண்டும் என்கிற பையனால் நிஜமாகவே மறுக்க முடியுமா?

இந்தக் கேள்வி மறுபக்கமும் வெட்டும். 1986-ல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று கேரள மாணவர்களைப் பள்ளி நீக்கியது செல்லாது என்றது நம் உச்ச நீதிமன்றம். அந்த மாணவர்கள் யெகோவாவின் சாட்சிகள். சிறுபான்மையின் மனச்சாட்சிக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, கிறிஸ்தவப் பள்ளிக்குள் இருக்கும் இந்து, முஸ்லிம் பிள்ளைக்கும் பொருந்தாமல் போகுமா என்ன?

வயதைக் குறைத்தால் என்ன ஆகும்?

14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்து நடக்கும் பள்ளிப் போட்டிகளில், ஒரு வயதைக் குறைத்துக் காட்டினால் கிடைக்கும் லாபம் பெரிது. வளரும் வயதில் ஒரு வருஷம் என்பது அங்குலக்கணக்கில் உயரம். இந்தப் பிரச்சினைக்காகவே 2010-ல் மத்திய விளையாட்டு அமைச்சகம் தனி விதித்தொகுப்பு கொண்டுவந்தது. எலும்பு வளர்ச்சியைப் பார்த்து வயதைக் கணிக்கும் பரிசோதனையும் உண்டு. கோச், பெற்றோர், அலுவலகம் என்று பல கை சேராமல் இது நடக்காது. மாட்டினால் தடை வாங்குவதோ பையன். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய ஓட்டப்பந்தய உவமையை ஸ்போர்ட்ஸ் டே பேனரில் போடும் பள்ளி, முதலில் பிறப்புச் சான்றிதழ் ஃபைலைத் திறந்து பார்ப்பது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் வந்தால்?

இந்த விவாதத்தில் எப்போதும் வரும் பெயர் எரிக் லிடல். மிஷனரி வீட்டுப் பிள்ளை, ஸ்காட்லாந்து வீரர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்தார். 400 மீட்டரில் ஓடி 47.6 விநாடியில் தங்கம் வென்றார். (1981-ல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தில் கப்பலேறும்போதுதான் அட்டவணை தெரிவதுபோல் காட்டுவார்கள். உண்மையில் அவருக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரியும்.) அதே பாரிஸுக்கு இந்திய அணியோடு போயிருந்தார் நம்ம மெட்ராஸ் ஹாரி பக்.

லிடல் கதையைச் சொல்லும் பள்ளிகள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகின்றன. அவர் விட்டுக்கொடுத்தது தன்னுடைய பந்தயத்தை. ஒரு பள்ளி 'ஞாயிறு விளையாட மாட்டோம்' என்று முடிவெடுத்தால், விட்டுக்கொடுப்பது பிள்ளைகளின் பந்தயத்தை. அதில் பாதிப் பேருக்கு ஞாயிறு ஓய்வுநாளே இல்லாமல் இருக்கலாம். மாவட்டப் போட்டிச் சான்றிதழை நம்பி ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குக் காத்திருக்கும் ஷூ கம்பெனி தொழிலாளியின் மகளுக்கு அது சின்ன இழப்பில்லை.

அதனால் ஞாயிறே கூடாது என்று வைத்தாலும், அதை ஜூன் மாதமே பெற்றோரிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம். விரும்புகிற பிள்ளையைப் பெற்றோர் பொறுப்பில் அனுப்பவும் வழி இருக்கட்டும். ஞாயிறு காலை ஆராதனைக்கு நேரம் கேட்கும் பள்ளி, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பையன் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நேரம் கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது. ரமலான் நோன்பு நாளில் மாலை மூன்று மணி வெயிலில் 'ரெண்டு ரவுண்டு ஓடு' என்பதும் அப்படித்தான்.

லிடலின் கடைசிக் காலம் இதைவிட முக்கியம். மிஷனரியாகச் சீனாவுக்குப் போன அவர், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர்களின் வெய்சியன் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கிருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வர மாட்டார். ஒரு ஞாயிறு, பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாத ஆட்டம் அடிதடியில் முடிந்தது.

அடுத்த ஞாயிறு லிடல் மைதானத்துக்கு வந்தார், நடுவராக.