கொடுத்த தானத்தைத் திரும்பக் கேட்கலாமா? ஒரு சாஃப்ட்வேரின் கதை

ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் வழியில், சேத்தூருக்கு அருகே மலையடிவாரத்தில் இருக்கிறது தேவதானம். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலால் பெயர்பெற்ற ஊர். தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களில் இது ஆகாயத் தலம்.

ஊரின் பெயருக்கும் ஒரு பொருள் உண்டு. கோயிலுக்கென்று எழுதிவைத்த நிலத்தைக் கல்வெட்டுகள் 'தேவதானம்' என்கின்றன. கொடுத்தவர் மன்னராகவே இருந்தாலும், கொடுத்த பிறகு அது அவருடையது அல்ல. சந்திர சூரியர் உள்ளவரை இந்தத் தானம் செல்லும் என்று கல்லில் வெட்டிவைத்தது அதற்காகத்தான்.

கம்ப்யூட்டர் உலகிலும் சமீபத்தில் இப்படி ஒரு தானம் நடந்தது. அதன் பெயர் 'ஓப்பன்டோஃபு'. ராஜபாளையத்திலும் கிருஷ்ணன்கோவிலிலும் இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள், நாளை கிளவுட் வேலைக்குப் போனால் நிச்சயம் கேள்விப்படப்போகும் பெயர்.

கல்யாண மளிகை லிஸ்ட்!

ஒரு ஆப் ஓட வேண்டுமென்றால் எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுக்க வேண்டும். இதைத்தான் கிளவுட் என்கிறோம். எத்தனை சர்வர், எந்த டேட்டாபேஸ், யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் கையால் அமைத்தால் நேரம் போகும், தப்பும் வரும்.

அதற்குப் பதில், தேவையானதையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதிக் கொடுத்துவிட்டால்? கல்யாணச் சமையலுக்கு மாஸ்டர் மளிகை லிஸ்ட் போடுவது போலத்தான். லிஸ்ட்டைப் படித்து சாஃப்ட்வேரே எல்லாவற்றையும் அமைத்துவிடும். அதற்கு முன், 'இதையெல்லாம் புதிதாகச் சேர்க்கப்போகிறேன், இதை மாற்றப்போகிறேன், இதை நீக்கப்போகிறேன், சரியா?' என்றும் கேட்கும். செய்து முடித்ததைக் கணக்கு நோட்டு போல ஒரு ஃபைலில் குறித்துக்கொள்ளும்.

இந்த வேலையில் உலகப் புகழ்பெற்றது 'டெராஃபார்ம்'. மிட்செல் ஹாஷிமோட்டோ, ஆர்மன் தாத்கர் இருவரும் தொடங்கிய அமெரிக்காவின் ஹாஷிகார்ப் நிறுவனம் 2014-ல் இதை வெளியிட்டது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம், பயன்படுத்தலாம். முகம் தெரியாத எத்தனையோ பேர் பிழை திருத்தினார்கள், புதிய வசதிகள் எழுதிக் கொடுத்தார்கள்.

மாறிய விதி

2023 ஆகஸ்ட் 10 அன்று ஹாஷிகார்ப் லைசென்ஸை மாற்றியது. இனி வரும் பதிப்புகளை, தங்களுக்குப் போட்டியான சேவை நடத்துபவர்கள் பயன்படுத்தக் கூடாது என்பது புதிய விதி. நிறுவனத்தின் தரப்பிலும் ஒரு நியாயம் சொன்னார்கள். மற்றவர்கள் எங்கள் உழைப்பை வைத்துச் சம்பாதிக்கிறார்கள், திரும்ப எதுவும் தருவதில்லை என்றார்கள். சாதாரணப் பயனாளர்களுக்குத் தடையும் இல்லை.

ஆனால், எல்லோருக்கும் பொது என்று நம்பி உழைத்தவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. பழைய லைசென்ஸுக்கே திரும்புங்கள் என்று கேட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. பலன் இல்லை.

அப்போதுதான் ஓப்பன் சோர்ஸின் பலம் தெரிந்தது. இனி வருவதற்குத்தான் புதிய விதி. ஏற்கெனவே கொடுத்தது கொடுத்ததுதான். பழைய லைசென்ஸில் இருந்த கடைசி கோடை எடுத்துக்கொண்டு தனியே கிளம்பினார்கள். டெராஃபார்ம் என்ற பெயர் ஹாஷிகார்ப்புக்குச் சொந்தம் என்பதால் அதைத் தொட முடியாது. முதலில் 'ஓப்பன்டிஎஃப்', பிறகு 'ஓப்பன்டோஃபு' என்று பெயர் வைத்தார்கள். டோஃபு என்றால் நம் கடைகளில் கிடைக்கும் சோயா பன்னீர்தான்!

கல்லில் வெட்டியது போல...

இதையும் நாளை ஒரு நிறுவனம் மாற்றிவிட்டால்? அந்தப் பயத்துக்குத்தான் முதலில் வழி கண்டார்கள். எந்த ஒரு கம்பெனியின் பெயரிலும் வைக்காமல், லாப நோக்கமில்லாத லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம் 2023 செப்டம்பரில் ஒப்படைத்தார்கள். 2024 ஜனவரியில் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது.

இப்படிப்பட்ட திட்டத்தை நடத்துவது கம்பெனி நடத்துவது போல அல்ல. வேலை செய்பவர்கள் பல ஊர்க்காரர்கள், பல நிறுவனத்தார். 'நான் சொல்கிறேன், செய்' என்று யாரும் சொல்ல முடியாது. பெரிய மாற்றம் எதுவானாலும் முதலில் எழுதி, எல்லோர் பார்வைக்கும் வைத்து, விவாதித்த பிறகே முடிவு. ஆர்வமாக ஒருவர் எழுதி அனுப்பியதை, 'இது வேண்டாம், காரணம் இது' என்று மரியாதையாக மறுப்பதும் தலைமையின் வேலைதான்.

2024 ஏப்ரலில் சோதனை வந்தது. எங்கள் புதிய கோடை எடுத்துவிட்டீர்கள் என்று ஹாஷிகார்ப் தரப்பிலிருந்து வக்கீல் கடிதம். ஓப்பன்டோஃபு குழு அதை மறைக்கவில்லை. பழைய கோடிலிருந்துதான் எழுதினோம் என்று வரி வரியாக ஒப்பிட்டு, பதிலை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட்டது. அதே மாதக் கடைசியில், அந்தக் 'கணக்கு நோட்டை' ரகசியமாகப் பூட்டிவைக்கும் வசதியையும் கொண்டுவந்தது. பாஸ்வேர்டுகள்கூட அதில் இருக்கலாம் என்பதால் பயனாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த வசதி அது. ஹாஷிகார்ப்பை ஐபிஎம் நிறுவனம் 640 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்ததும் அதே மாதத்தில்தான்.

விளக்குக்கு நெய் யார் ஊற்றுவது?

கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவர்கள், 'என்றும் எரியட்டும்' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. நெய்க்காக ஆடுகளைக் கொடுத்தார்கள். அவற்றை வளர்த்துத் தினமும் நெய் அளக்கும் பொறுப்பை இடையர்களிடம் ஒப்படைத்தார்கள். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் சொல்வது இதைத்தான்.

ஓப்பன்டோஃபுவுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. முழுநேர இன்ஜினீயர்கள் 18 பேரின் உழைப்புக்கு ஈடாக, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்பதாகச் சில நிறுவனங்கள் தொடக்கத்தில் உறுதி தந்தன. அந்தக் கணக்கு 2028-ல் முடிகிறது. அதற்குப் பிறகு?

பயன்படுத்துபவர்களில் கொஞ்சம் பேராவது கைகொடுக்க வேண்டும். அதற்குப் பெரிய நிபுணராக இருக்க வேண்டியதில்லை. விளக்கக் குறிப்பில் ஒரு தவறைத் திருத்தலாம். ஒரு பிழையைத் தெளிவாக எழுதி அனுப்பலாம். தேவதானத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்தும் இதைச் செய்யலாம். அனுப்புவது யார், எந்த ஊர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வேலை சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.