ஹவாய் கடற்கரையில் நம்ம பூவரசு

லீவுக்கு ஹவாய் பக்கம் போறீங்களா? கடலோரத்தில் இதய வடிவ இலையும், நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு வைத்த மஞ்சள் பூவுமாக ஒரு மரம் நின்றால், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அங்கே அதன் பெயர் மிலோ. ஊரில் நாம் பூவரசு என்கிறோமே, அதேதான். சொந்தக்கார மரம்கூட இல்லை, அதே இனம்.

எப்படி இரண்டு பக்கமும் இருக்கிறது? இதன் காய்கள் கடலில் மிதக்கும். உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் கிடந்தாலும் விதை சாகாது. கரை ஒதுங்கிய இடத்தில் முளைத்துவிடும்.

ஹவாய் மக்கள் இதன் கட்டையைக் குடைந்து சாப்பாட்டுக் கிண்ணம் செய்தார்கள். கோவா மரம் உணவில் ஒரு வாசனையை இறக்கிவிடும். மிலோ அப்படிச் செய்யாது. பட்டையில் நார் எடுத்தார்கள், காயில் மஞ்சள் கலந்த பச்சைச் சாயம் எடுத்தார்கள். தாஹிட்டியில் மராயே எனப்படும் கோயில் முற்றங்களைச் சுற்றி இது நின்றது. 1769இல் கேப்டன் குக்கின் கப்பலில் அங்கே போன தாவரவியலாளர் டேனியல் சொலாண்டர் வைத்த 'தெஸ்பீசியா' என்ற பெயருக்கு, கிரேக்கத்தில் 'தெய்வீகமானது' என்று பொருள். ஈஸ்டர் தீவில் இன்றுவரை யாரும் வாசித்து முடிக்காத ரொங்கொரொங்கோ எழுத்துப் பலகைகளில் பலவும் இந்தக் கட்டையில் செதுக்கப்பட்டவைதான்.

பலகை இருக்கிறது, வாசிக்கத்தான் ஆளில்லை. மொழி கைமாறாமல் போனால் இதுதான் நடக்கும்.

ஹவாய் மொழியும் அந்த விளிம்புவரை போனது. 1896இல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழி ஆக்கியது. வீட்டிலும் பேச்சு மெல்லக் குறைந்தது. 1984இல் பூனானா லேயோ என்ற மழலையர் பள்ளி தொடங்கி, முழுக்க ஹவாய் மொழியிலேயே பிள்ளைகளோடு பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பெயருக்கு 'குரல்களின் கூடு' என்று பொருள். இன்று அந்த மொழியில் படித்து வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளோடு அதிலேயே பேசுகிறார்கள்.

நமக்கு எந்தச் சட்டமும் தடை போடவில்லை. நேரமில்லை என்பதுதான் நம்ம சிக்கல், இல்லையா? அதனால் சின்னதாகத் தொடங்கலாம். கீழே விழுந்த இலை ஒன்றைச் சுருட்டி, நுனியை லேசாக நசுக்கி ஊதிக் காட்டுங்கள். பீப்பீ சத்தம் வந்ததும் பிள்ளை 'இது என்ன மரம்?' என்று கேட்கும். இரண்டு பெயரையும் சொல்லிக் கொடுங்கள்: மிலோ, பூவரசு.