லெட்சுமி என்பது பிழையான பெயரா?

பெண் குழந்தை பிறந்தால் ‘மகாலெட்சுமி வந்திருக்கா’ என்பது தமிழர் வாயில் தானாக வரும் வாழ்த்து. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களில் அந்த வாழ்த்தே பெயராகவும் நிலைத்தது. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலும் இறக்குவானை, பலாங்கொடைத் தேயிலைத் தோட்டங்களிலும் மூத்த தலைமுறையில் முத்துலெட்சுமி, ராஜலெட்சுமி, தனலெட்சுமி, வெறும் லெட்சுமி என்று பலரைப் பார்க்கலாம். இந்த ‘லெ’யைக் கேட்டதும் படித்தவர்களுக்குத் திருத்தும் ஆசை வந்துவிடுகிறது. சரியான பெயர் லட்சுமி, தோட்டத்துப் பேச்சு அதைக் கெடுத்துவிட்டது என்கிறார்கள். இந்தத் தீர்ப்புக்கு மொழியில் ஆதாரம் இல்லை.

ஜ, ய, ர, ல ஒலிகளிலோ, கங்கை, பலம் என்பவற்றில் உள்ள அதிரும் க, ப ஒலிகளிலோ தொடங்கும் வடசொற்களில் முதல் அகரம் பேச்சில் எகரமாவது பழைய தமிழ்ப் பழக்கம். கங்கை கெங்கையாகும், ரத்தம் ரெத்தமாகும், பலம் பெலமாகும், யமன் எமனாவான். ஜெயகாந்தனையும் ஜெயலலிதாவையும் ‘ஜய’ என்று எழுதச் சொல்லி யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. மாகாணத் தலைநகரை இரத்தினபுரி என்று எழுதுகிறவர்களே பேசும்போது ரெத்தினபுரி என்கிறார்கள். க்ஷ என்பது ட்ச ஆனதும் காமாட்சியிலும் மீனாட்சியிலும் நடந்ததுதான். கம்பர் லக்ஷ்மணனை இலக்குவன் ஆக்கினார், தோட்டம் லெட்சுமணன் ஆக்கியது. ஒன்று இலக்கியம், மற்றது கொச்சை என்று பிரிக்க மொழியில் காரணம் கிடையாது. பேசுகிறவர் யார் என்பதுதான் காரணம்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கிளாக்கர்கள் ஆங்கிலத்தில் தாறுமாறாக எழுதியதன் விளைவு இது என்றும் சிலர் வாதிடுவார்கள். அப்படியானால், வேறு துரைமாரும் வேறு கிளாக்கர்களும் இருந்த மலேசியத் தோட்டங்களிலும் இதே லெட்சுமி எப்படி வந்தாள்? இரண்டு நாட்டுக்கும் ஆள் போனது தமிழகத்துக் கிராமங்களிலிருந்து. கப்பல் ஏறும்போதே பெயரை அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். கிளாக்கர் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். லதாவும் ரவியும் மட்டும் ஏன் மாறவில்லை என்று கேட்பதில் நியாயம் உண்டு. அவை அச்சும் சினிமாவும் பரவிய காலத்தில் எழுத்தோடு சேர்ந்து வந்த பெயர்கள் என்பதே என் கணிப்பு.

உண்மையான கோளாறு பதிவேடுகளில் இருக்கிறது. தோட்டத்தில் பெயர் என்றாலே கூலி: நாள் வேலை முடித்தால் ‘பேர்’ விழும், கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. அந்தப் பேர் செக்ரோல் என்னும் தோட்டத்து வருகைப் பதிவேட்டில் லெட்சுமி, சிங்களத்தில் எழுதிய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் லக்ஷ்மி, அடையாள அட்டையில் லெச்சமி என்று ஒருவரே மூவராகிவிட்டால், ஊழியர் சேமலாப நிதியைக் கேட்கும் நாளில் மூவரும் நான்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்க அலைய வேண்டும். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் குடியுரிமை கேட்டவர்கள், இங்கே தொடர்ந்து வாழ்ந்ததைப் பத்திரங்களைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்த சமூகம் இது. அதற்கு எழுத்துப்பிழை சின்ன விஷயம் அல்ல. சிங்கள எழுத்தின் மீதும் பழி போட முடியாது. அதில் குறில் எகரம் உண்டு, ‘லெ’யைச் சுத்தமாக எழுதலாம்.

எல்லாரும் லட்சுமி என்றே மாற்றிக்கொண்டால் சிக்கல் தீராதா? தீராது, கூடும். ஏற்கெனவே மூன்று வடிவம் உள்ளவருக்கு அது நான்காவது. பிள்ளைகளின் பத்திரங்களில் தாயின் பெயராக இருக்கும் லெட்சுமிக்கும் அவருக்கும் தொடர்பு அறுந்துபோகும். வேண்டியது பெயர் மாற்றம் அல்ல, ஒரே எழுத்து. 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம், நிர்வாக மொழி சிங்களமாக உள்ள பிரதேசங்களிலும் உத்தியோக பூர்வ ஆவணங்களைத் தமிழிலோ தமிழ் மொழிபெயர்ப்பிலோ பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. பிறப்பைப் பதியப் போகிறவர்கள் குழந்தையின் பெயரையும் தாயின் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பதிவாளர் சிங்களத்தில் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, ‘லெ’ காதில் விழுந்த பிறகு கையொப்பம் இடுங்கள்.