மூன்று சகோதரரும் அப்பாவின் பெட்டிகளும்

ஆங்கிலப் படம்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். வெஸ் ஆண்டர்சன் இயக்கி 2007இல் வெளிவந்த 'தி டார்ஜிலிங் லிமிடெட்' படத்தின் பெரும்பகுதி நம் நாட்டில்தான் நடக்கிறது. பெயரில் டார்ஜிலிங் இருந்தாலும், எடுத்தது பெரும்பாலும் ராஜஸ்தானில்.

தந்தை காலமாகி ஓராண்டாக முகம் கொடுத்துப் பேசாத மூன்று சகோதரர்கள் ஒரே ரயிலில் போகிறார்கள். கூடவே அப்பாவின் தோல் பெட்டிகளும் போகின்றன. படம் முழுக்க அவற்றைத் தூக்கிச் சுமக்கிறார்கள். நடு மகன் பீட்டர் அப்பாவின் மூக்குக்கண்ணாடியையே மாட்டிக்கொள்கிறான். பிறர் கண்ணுக்குச் செய்த கண்ணாடியல்லவா, தலைவலிதான் மிச்சம்! 'அதை நீ எப்படி எடுக்கலாம்' என்று அண்ணனுக்குக் கோபம். பாகப்பிரிவினை நடந்த வீடுகளில் இந்தச் சண்டை நமக்குப் புதிதல்ல.

மூத்தவன் பிரான்சிஸ் தம்பிகளுக்கு என்ன சாப்பாடு என்று தானே சொல்லிவிடுவான். பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்வான். பார்க்க அதிகாரம் மாதிரித்தான் இருக்கும். பின்னால் அவர்களுடைய தாயும் அப்படியே செய்வதைக் காண்கிறோம். கணவனின் இறுதிச் சடங்குக்கும் வராத தாய் அவள். அவள் விட்டுப்போன இடத்தைத்தான் மூத்தவன் நிரப்பப் பார்க்கிறான் என்பது அப்போதுதான் விளங்குகிறது. இளையவன் ஜாக், சொந்த வாழ்க்கையைக் கதையாக எழுதிவிட்டு, எல்லாம் கற்பனை என்பான்.

பிரான்சிஸ் திட்டமிட்ட கோயில் தரிசனமும் சடங்கும் இவர்களைச் சேர்க்கவில்லை. வழியில் ஆற்றில் விழுந்த மூன்று சிறுவர்களைக் காப்பாற்றக் குதிக்கிறார்கள், ஒருவன் இறந்துபோகிறான். அவன் தந்தையாக வருபவர் இர்பான் கான். முன்பின் அறியாத அந்தக் கிராமத்துச் சாவு வீட்டில்தான் மூவரும் சச்சரவில்லாமல் சேர்ந்து இருக்கிறார்கள். தம் தந்தையின் இறுதிச் சடங்கு நாளிலோ, வழியில் பழுது பார்க்கும் கடைக்குப் போய் அவருடைய காருக்காக மல்லுக்கு நின்றவர்கள்!

கடைசியில் நகரும் ரயிலைப் பிடிக்க ஓடும்போது பெட்டிகளைப் போட்டுவிடுகிறார்கள். ஆதிபுராணத்தில் பரதனும் பாகுபலியும் தந்தை ரிஷபதேவர் விட்டுப்போன நாட்டுக்காக மோதினார்கள். வென்ற பாகுபலி அந்தக் கணமே அனைத்தையும் துறந்தார். சிரவணபெளகொளாவில் நிற்பவர் அவர்தான். சினிமா சகோதரர்கள் முனிவராகவில்லை. சுமையை மட்டும் விட்டார்கள்.

ரயில் ஏறியதும் பிரான்சிஸ் பாஸ்போர்ட்டுகளைத் திருப்பித் தருகிறான். 'நீயே வைத்திரு' என்கிறார்கள் தம்பிகள். அண்ணனாகப் பிடுங்கி வைத்திருந்ததை இப்போது அவர்களே மனமுவந்து ஒப்படைக்கிறார்கள்.

கருமாதிக்கும் பத்திரப்பதிவுக்கும் மட்டுமே செகந்திராபாத்தில் ரயிலேறி ஊருக்குப் போகிற நிலைமை நம்மில் பல குடும்பங்களில் வந்துவிட்டது. அண்ணன் தம்பி, அக்காள் தங்கையோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் இது.